சட்டம் போடும் முன் போட வேண்டிய கணக்கு

ஒரு புதிய சட்டம் வரப்போகிறது என்று செய்தி வந்ததும் நம்மிடம் இரண்டு பேச்சுதான் எழும். "நல்ல சட்டம், எப்பவோ வந்திருக்கணும்" என்பார்கள் சிலர். "இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது" என்பார்கள் மற்றவர்கள். வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்குவதென்றால் விலை என்ன, கரன்ட் பில் எவ்வளவு கூடும், எத்தனை வருஷம் உழைக்கும், பழையதையே ரிப்பேர் செய்தால் போதாதா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறோம். கோடிக்கணக்கான பேர் கட்டுப்பட வேண்டிய விதிக்கு அந்த நாலு கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவற்றை முறையாகக் கேட்டு, பதிலை முடிந்தவரை எண்ணாக எழுதி, எவரும் சரிபார்க்கும்படி வெளியே வைப்பதற்குத்தான் செலவு–பயன் ஆய்வு என்று பெயர்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஆனால் எதைச் செலவு என்று எழுதுவது, எதைப் பயன் என்று எழுதுவது, யாருடைய செலவு, யாருடைய பயன் என்று உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். அதைப் புரிந்துகொள்ள உண்மையில் போடப்பட்ட ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. நான் எடுத்துக்கொள்வது பெட்ரோலில் கலந்த ஈயத்தைப் பற்றி அமெரிக்காவில் 1985-ல் போட்ட கணக்கு.

ஈயம் என்றதும் நமக்கு ஈயச்சொம்பு ரசம்தான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். இங்கே பேசுவது காரீயம், உடம்புக்குள் போனால் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர், டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைப் பெட்ரோலில் துளி கலந்தால் என்ஜின் 'நாக்கிங்', அதாவது பெட்ரோல் நேரம் தவறி எரிவதால் என்ஜின் தட்டும் தொல்லை, நின்றுவிடுவதைக் கண்டுபிடித்தார். ஆக்டேனை, அதாவது அப்படித் தட்டாமல் எரியும் பெட்ரோலின் திறனை, கூட்ட அதைவிட மலிவான வழி அப்போது இல்லை. 1924-ல் அதைத் தயாரித்த நியூஜெர்சி ஆலையில் தொழிலாளர்கள் பித்துப் பிடித்தவர்களைப் போலாகி இறந்தார்கள். அப்போதே எச்சரித்த மருத்துவர்கள் இருந்தார்கள். இருந்தும் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் ஒவ்வொரு காரின் பின்னாலும் காரீயப் புகை போய்க்கொண்டிருந்தது.

1981 பிப்ரவரியில் அதிபர் ரீகன் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் பொருளாதாரத்தைப் பாதிக்கும் எந்த விதியானாலும், கொண்டுவரும் துறை முதலில் செலவு–பயன் ஆய்வு செய்ய வேண்டும். சமூகத்துக்குக் கிடைக்கும் பயன் செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அரசு விதிகள் தொழிலை நசுக்குகின்றன, அவற்றைக் குறைக்க வேண்டும் என்பதே அந்த அரசின் கொள்கை. எனவே இந்த ஆணை விதிகளை வெட்டும் கத்தியாக இருக்கும் என்றுதான் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் நினைத்தார்கள். பெட்ரோல் ஈயத்துக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தலாமா என்ற யோசனையும் 1982-ல் எழுந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்குப் போட்டுப் பார்த்தபோது பதில் நேர்மாறாக வந்தது. இருக்கிற கட்டுப்பாடு போதாது, ஒரு கேலனுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, 1.1 கிராம் என்ற அளவை 0.1 கிராமாக இறக்க வேண்டும் என்றது கணக்கு. விதிகளைக் குறைக்க வந்த அரசே 1985 மார்ச்சில் அந்த விதியை இறுதி செய்தது. எனக்கு இந்த முறையின் மேல் மதிப்பு வந்ததே இந்தக் கதையைப் படித்த பிறகுதான்.

சரி, கணக்கை எப்படித் தொடங்கினார்கள்?

முதல் கேள்வி: இந்த விதி வராவிட்டால் என்ன நடந்திருக்கும்? பலரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 1975 மாடலிலிருந்தே அமெரிக்காவின் புதுக் கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது. ஈயம் பட்டால் அது வீணாகிவிடும் என்பதால் அந்தக் கார்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல்தான் போட வேண்டும். (சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995-ல் பெட்ரோல் பங்க்குகளில் 'அன்லெடட்' என்று தனி பம்ப் வைத்ததும் இதே காரணத்துக்குத்தான்.) பழைய கார்கள் கழியக் கழிய ஈயப் பெட்ரோல் விற்பனை தானாகவே குறைந்துகொண்டுதான் வந்தது. அந்தக் குறைவையும் சேர்த்து 'எங்கள் விதியால் வந்த பயன்' என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. விதி இல்லாமலே குறையும் அளவு ஒரு பக்கம், விதியோடு குறையும் அளவு மறுபக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே விதியின் வேலை. இந்த 'விதி இல்லாத நிலை'யை அடிப்படை நிலை என்பார்கள். நம் ஊரில் எந்தத் திட்டத்தின் சாதனை விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பாதி எண்கள் ஆட்டம் காணும்.

அடுத்தது செலவு. ஈயத்தை எடுத்தால் ஆக்டேன் குறையும். அதை ஈடுகட்டச் சுத்திகரிப்பு ஆலைகள் கச்சா எண்ணெயைக் கூடுதலாகப் பதப்படுத்த வேண்டும், அதற்கு எரிபொருளும் பணமும் ஆகும். நாட்டின் சுத்திகரிப்பு ஆலைகளையெல்லாம் ஒரு கணினி மாதிரிக்குள் கொண்டுவந்து, பழைய ஈய அளவோடு ஒரு தடவை, குறைத்த அளவோடு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். 1986-ம் ஆண்டுக்கு மட்டும் கூடுதல் செலவு சுமார் 61 கோடி டாலர் என்று வந்தது, 1983-ன் விலைவாசிப்படி. இந்தப் பணத்தை முதலில் கொடுப்பது ஆலைகள், ஆனால் கடைசியில் பெட்ரோல் போடுகிறவர் தலையில்தான் வந்து விடியும். செலவு என்பது அரசு கஜானாவிலிருந்து போகும் பணம் மட்டும் கிடையாது. பொதுமக்களும் தொழில்களும் கொடுப்பதும் செலவுதான்.

பயன் பக்கம்தான் இந்தக் கணக்கின் அழகு. ஈயம் என்றதும் குழந்தைகளின் மூளை என்று மட்டும் நினைப்போம். ஆய்வு செய்தவர்கள் மெக்கானிக் ஷெட் செலவையும் எண்ணிப் பார்த்தார்கள். ஈயப் பெட்ரோல் ஓடும் வண்டியில் பிளக் சீக்கிரம் போகிறது, சைலன்சர் அரிக்கிறது, என்ஜின் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. ஈயம் போனால் இந்தப் பராமரிப்புச் செலவில் மிச்சமாவது 91 கோடி டாலர். விதியின் மொத்தச் செலவைவிட அட்டவணையின் இந்த ஒரு வரியே பெரிது! எரிபொருள் சிக்கனத்தில் கிட்டத்தட்ட 19 கோடி. அப்புறம், ஈயப் பெட்ரோல் விலை குறைவு என்பதால் கன்வெர்ட்டர் வைத்த காருக்கும் அதையே போட்டுக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. அந்தப் பழக்கம் நின்றால் மற்ற புகை மாசுகளும் குறையும். அதற்கு 22 கோடி. குழந்தைகளின் உடல்நலத்துக்கு 60 கோடி.

கடைசியாக ஒரு வரி: பெரியவர்களின் இரத்த அழுத்தம், ஏறக்குறைய 590 கோடி டாலர். மற்ற எல்லா வரிகளையும் கூட்டினாலும் இதில் பாதிகூட வராது. இரத்தத்தில் ஈயம் ஏறினால் அழுத்தம் ஏறுகிறது, அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் வருகின்றன என்ற ஆய்வுகள் அப்போது புதிது. அறிவியலாளர்கள் இன்னும் அலசி முடிக்கவில்லை. அவர்கள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? அந்த வரியைச் சேர்த்தால் பயன் மலைபோல் தெரியும், ஆனால் எதிர்ப்பவர்கள் அந்த ஒரு வரியைத் தாக்கி முழுக் கணக்கையும் சாய்த்துவிடலாம். விட்டுவிட்டால் உண்மையாக இருக்கக்கூடிய பெரிய பயனை மறைத்ததாகும்.

அவர்கள் இரண்டு விடையையும் அச்சிட்டார்கள். இரத்த அழுத்தத்தைச் சேர்த்தால் 1986-ல் நிகரப் பயன் 721 கோடி டாலர். சேர்க்காவிட்டால் 132 கோடி. சந்தேகத்துக்குரிய வரியை அடித்துவிட்டாலும் விதி தாங்குகிறது என்று எதிராளியே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நல்ல கணக்கின் அடையாளம் என்று என்னிடம் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஒற்றை எண்ணை மட்டும் நீட்டி 'இதுதான் பயன்' என்று எந்த அறிக்கையாவது சொன்னால், எந்த வரியை எடுத்தால் அது கவிழும் என்று கேட்க வேண்டும்.

இதில் மனசு ஒப்பாத இடங்களும் இருக்கின்றன. உயிருக்கு விலை போடுவது அதில் முதலாவது. முதன்முறை கேட்கும்போது யாருக்கும் கோபம் வரும், எனக்கும் வந்தது. அதில் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரு கற்பனை எண்ணோடு சொல்கிறேன். ஒரு லட்சம் பேர் உள்ள ஊர். ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வந்தால் ஒவ்வொருவருக்கும் இந்த ஆண்டு சாகும் வாய்ப்பு லட்சத்தில் ஒரு பங்கு குறையும். அதற்காக ஆளுக்கு 500 ரூபாய் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 கோடி ரூபாய், எதிர்பார்ப்பின்படி ஓர் உயிர் தப்புகிறது. அந்த 5 கோடியைப் 'புள்ளியியல் உயிர் மதிப்பு' என்கிறார்கள். பெயர் தெரிந்த ஒரு மனிதரின் விலை என்று அதை யாரும் சொல்வதில்லை. சின்ன ஆபத்தைக் குறைக்க மக்கள் தாங்களாகவே எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதன் கூட்டுத்தொகை அது. எழுதாமல் விட்டால் அந்த இடத்தில் சுழி விழும், சுழி விழுந்தால் உயிர் காக்கும் விதிகள்தான் முதலில் தோற்கும். அதனால் எழுதத்தான் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் ஏழை ஊரில் அந்த 500 ரூபாய் 50 ஆகிவிடும். கையில் பணம் இல்லாததை உயிர் மேல் ஆசை இல்லாததாகக் கணக்கு படிக்கும். அந்தக் குறை சின்னது இல்லை. ஒரே நாட்டுக்குள் எல்லோருக்கும் ஒரே மதிப்பைப் போடுவது அதை ஓரளவு சரிசெய்கிறது.

இரண்டாவது, காலம். இன்று கையில் இருக்கும் நூறு ரூபாயும் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும் நூறு ரூபாயும் ஒன்றில்லை என்பது வட்டி தெரிந்த எல்லோருக்கும் புரியும். எதிர்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கழிப்பார்கள், அதைக் கழிவு வீதம் என்போம். 50 ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு கோடி ரூபாய்ப் பயனை 3 சதவீதத்தில் கழித்தால் இன்று சுமார் 23 லட்சம். 7 சதவீதத்தில் கழித்தால் 3 லட்சத்து 40 ஆயிரம்கூட வராது. அமெரிக்க அரசு 2003-ல் வெளியிட்ட வழிகாட்டி இந்த இரண்டு வீதத்திலும் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னது. வீதத்தை 3-லிருந்து 7-க்கு மாற்றினால் பேரக்குழந்தைகளின் பங்கு ஏழில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. நீண்டகால விஷயங்களில் ஒரு அறிக்கையைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடும் எண் இதுதான்.

இந்தக் கழிவு விவகாரம் வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 1989-ல் அதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆஸ்பெஸ்டாஸ் பொருள்கள் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. அந்த நாரைச் சுவாசித்தவருக்கு நோய் வெளியே தெரிய இருபது முப்பது ஆண்டுகள்கூட ஆகும். தொழில் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையின் பெரும்பகுதியை ரத்து செய்தது. தடையைவிடச் சுமை குறைந்த மாற்று வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன முக்கியக் குறை. செலவைக் காலத்துக்கேற்பக் கழித்துக் காட்டிய நீங்கள், காப்பாற்றப்படும் உயிர்களையும் அப்படியே கழித்துக் காட்டியிருக்க வேண்டும் என்பது இன்னொரு குறை. அதன் பிறகு வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு அங்கே முழுத் தடை வர 2024 ஆயிற்று. ஈயத்தில் குழந்தைகளைக் காப்பாற்றிய அதே கணக்கு முறை, இங்கே முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு தடையை நிறுத்தி வைத்துவிட்டது. நம் ஊரில் 'ஷீட்டு வீடு' என்று சொல்லும் வீடுகளில் எத்தனையோ வீட்டுக் கூரை இன்றும் ஆஸ்பெஸ்டாஸ்தான்.

மாற்று வழி என்று நீதிமன்றம் கேட்டதில் நியாயமும் இருக்கிறது. 'தடை செய்வதா, சும்மா இருப்பதா' என்று இரண்டே இரண்டு வாசலைத் திறந்து வைத்தால் அது பாதிக் கணக்குதான். ஈய விதியில் மூன்றாவது வாசல் ஒன்று இருந்தது. சின்ன ஆலைகளுக்கு ஒரே நாளில் மாறுவது கஷ்டம். அதனால் முன்கூட்டியே ஈயத்தைக் குறைத்த ஆலை, மிச்சமான அளவைச் சேமித்து வைத்துப் பின்னால் பயன்படுத்தலாம், அல்லது தடுமாறும் ஆலைக்கு விற்கலாம் என்று 1987 முடியும்வரை இடம் கொடுத்தார்கள். வேகமாக மாற முடிந்தவர்களுக்கு மாறுவதில் லாபம், முடியாதவர்களுக்கு மூச்சுவிட நேரம். குறைக்க வேண்டிய மொத்த ஈயத்தில் மாற்றம் இல்லாமலே செலவு இறங்கியது.

யார் கொடுக்கிறார்கள், யாருக்குக் கிடைக்கிறது என்பது கூட்டுத்தொகையில் தெரியாது. அதனால் தனியாகப் பார்க்க வேண்டும். பத்துப் பெரிய நிறுவனங்களுக்கு ஆயிரம் கோடி லாபம், ஒரு லட்சம் சிறு வியாபாரிகளுக்குத் தொள்ளாயிரம் கோடி நஷ்டம் என்றால் நிகரம் நூறு கோடி 'பயன்' என்றுதான் காகிதத்தில் வரும். அந்த ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு 90 ஆயிரம் ரூபாய் போனால் அவர் கடையே போய்விடும் என்பதைக் கூட்டல் குறி சொல்லாது. நல்ல ஆய்வு இந்த விவரத்தைத் தனி அட்டவணையாகப் போடும். போடாத ஆய்வை நான் நம்புவதில்லை.

நம் நாட்டில் நிலைமை என்ன? நாடாளுமன்றத்தில் அரசுக்குச் செலவு வைக்கும் மசோதாவோடு நிதிக் குறிப்பு ஒன்றை இணைக்க வேண்டும். அதில் இருப்பது அரசு கஜானாவின் செலவு மட்டும்தான். எத்தனை சம்பளம், எத்தனை கட்டிடம் என்று இருக்கும். நீங்களும் நானும் எத்தனை நாள் வேலையை விட்டு வரிசையில் நிற்க வேண்டும், ஒரு சின்னப் பட்டறை எத்தனை படிவம் நிரப்ப வேண்டும் என்பதற்கு அதில் இடம் இல்லை. 2014 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு முன்கலந்தாய்வுக் கொள்கை கொண்டுவந்தது. வரைவு மசோதாவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், அது ஏன் தேவை, நிதிச்சுமை என்ன, சுற்றுச்சூழல், அடிப்படை உரிமைகள், மக்களின் வாழ்க்கை, வாழ்வாதாரம் ஆகியவற்றில் அதன் தாக்கம் என்ன என்ற மதிப்பீட்டையும் கூடவே தர வேண்டும் என்கிறது அது. படித்தால் மனசு நிறையும். ஆனால் அது கொள்கைதான், சட்டம் இல்லை. பல மசோதாக்கள் அந்தப் படியில் கால் வைக்காமலே அவைக்கு வந்து, விவாதம்கூட அதிகம் இல்லாமல் நிறைவேறிவிடுகின்றன. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

வரைவு வெளியாகும்போது அந்த 30 நாளில் எழுதிப் போடுவதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஆட்டோ ஓட்டுநர் 'இந்தக் கருவியை மாட்ட எனக்கு ஒரு நாள் ஓட்டம் போகும், வருஷத்துக்கு இரண்டு தடவை சர்வீஸுக்கு நிற்க வேண்டும்' என்று தன் எண்ணை எழுதினால், தலைநகரில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவரிடம் இல்லாத ஒரு வரி அது. 'எதிர்க்கிறேன்' என்ற ஒரு வார்த்தைக் கடிதத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். எண்ணோடு வரும் கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

விதி நடைமுறைக்கு வந்த பிறகு பழைய கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான், பெரும்பாலும் யாரும் செய்யாத பகுதி. ஈயத்தில் செய்ய முடிந்தது, ஏனென்றால் இரத்தத்தில் அளந்து பார்க்கலாம். 1970-களின் கடைசியில் அமெரிக்கர்களின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, சராசரியாக 12.8 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 1990 வாக்கில் அது 2.8 ஆகிவிட்டது. இந்தியா 2000-லும் இலங்கை 2002-லும் ஈயப் பெட்ரோலை விட்டன. கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

திரும்பிப் பார்க்கும்போது 1985-ன் கணக்கில் ஒரு பிழை தெரிகிறது. குழந்தைகளுக்கு எழுதிய அந்த 60 கோடியில் இருந்தது முக்கியமாக மருத்துவச் செலவும், கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனிப் பயிற்சிச் செலவும்தான். அதுவும் இரத்தத்தில் 25 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் உள்ள குழந்தைகளுக்கு மட்டும், ஏனென்றால் அன்றைய மருத்துவம் ஆபத்து என்று சொன்ன எல்லை அது. அந்த எல்லை 1991-ல் 10 ஆனது, 2021-ல் 3.5-க்கு வந்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலை. 1985-ல் 24 மைக்ரோகிராமோடு பள்ளிக்குப் போன குழந்தைக்கு நேர்ந்த இழப்பு அந்த அட்டவணையில் எந்த வரியிலும் வரவில்லை. அப்படிப்பட்ட குழந்தைகள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம்.